அரிச்சுவடிக்கு முன்னால் பேச்சு

பர்மாவில், பெகு நகரத்தின் ஒரு கோயில் மண்டபத்தில் மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு தொடங்கியிருக்கும் தங்கை ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: "நான் சொல்வது பிள்ளைகளுக்குப் புரிகிறது, ஆனால் பதில் பர்மியத்தில் வருகிறது. பெற்றோர் அரிச்சுவடியில் தொடங்கச் சொல்கிறார்கள். கமிட்டிப் பெரியவர் ஒருவர், வகுப்பில் பர்மியச் சத்தமே கேட்கக்கூடாது என்கிறார். ஒரு தாய், இரண்டு மொழி சேர்ந்தால் பிள்ளை குழம்பிவிடும் என்று பயந்து வீட்டில் தமிழையே நிறுத்திவிட்டார். சின்னக் குழந்தைக்கு மொழி எப்படித்தான் வருகிறது? நான் எங்கே தொடங்குவது?"

பேச்சில் தொடங்குங்கள் தங்கையே. அரிச்சுவடி எங்கும் ஓடிப்போகாது. பேச்சு வராத வாயில் எழுத்தை ஏற்றினால் பிள்ளை "அ அம்மா, ஆ ஆடு" என்று அழகாக ஒப்பிக்கும். தாகம் எடுத்தால் பர்மியத்தில்தான் தண்ணீர் கேட்கும். ரங்கூனிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் கோயில் வகுப்புகளில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் பொறுப்பதில்லை. பங்குனி, சித்திரை வெயிலில், பள்ளி விடுமுறையை விட்டுக்கொடுத்து வந்து உட்காரும் பிள்ளைகளை 247 எழுத்தையும் எழுதவைக்கிறோம். ஜூனில் பள்ளி திறந்ததும் அத்தனையும் மறந்துபோகிறது. அடுத்த ஆண்டு மறுபடியும் அகரத்தில் ஆரம்பிக்கிறோம்.

அந்தத் தாயின் பயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். அவர் வீட்டில் ஒவ்வொரு நாளும் வீணாகிக்கொண்டிருக்கிறது. இரண்டு மொழியைக் கேட்டு வளர்வதால் குழந்தைக்குப் பேச்சுக் கோளாறு வருவதில்லை. உலகில் பெரும் பகுதிக் குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு நடுவில்தான் வளர்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைகூடப் பாட்டியிடம் எதைப் பேசவேண்டும், பக்கத்து வீட்டு டோவிடம் (பர்மிய அம்மாளிடம்) எதைப் பேசவேண்டும் என்று பிரித்துத் தெரிந்துவைத்திருக்கும். "அம்மா, தமின் வேண்டும்" என்று சோற்றுக்குப் பர்மியச் சொல்லைப் போட்டுக் கேட்கிறதே, அதைப் பார்த்துத்தான் குழம்பிவிட்டது என்கிறோம். அந்த நேரத்தில் கைக்கு எட்டிய சொல்லை எடுத்து வேலையை முடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். நாமும் கடைவீதியில் அப்படித்தானே பேசுகிறோம்? அந்த வாக்கியத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். 'வேண்டும்' கடைசியில் சரியான இடத்தில் நிற்கிறது. தமிழ் வாக்கியத்தின் கட்டு கொஞ்சமும் குலையவில்லை.

ஒரு விஷயத்தில் பெற்றோர் ஏமாந்துபோவது உண்டு. இரண்டு மொழிப் பிள்ளையின் தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணினால் குறைவாகத் தெரியும். பர்மியச் சொற்களை மட்டும் எண்ணினாலும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் ஒரு மொழிப் பிள்ளைக்குக் குறைவிருக்காது. 1993-ல் மயாமியில் ஸ்பானியமும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த குழந்தைகளை வைத்து பார்பரா பியர்சனும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு இதைத்தான் காட்டியது. எனவே பிள்ளைக்கு எத்தனை சொல் தெரியும் என்று பார்க்கும்போது இரண்டு கணக்கையும் சேர்த்தே பாருங்கள்.

உண்மையாகக் கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஒரு வயதாகியும் மழலைச் சத்தம் இல்லை, விரல் நீட்டிக் காட்டுவதில்லை. ஒன்றரை வயதாகியும் எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை. இரண்டு வயதாகியும் தானாக இரண்டு சொல்லைச் சேர்ப்பதில்லை. எந்த வயதிலும் வந்த பேச்சு திரும்பிப் போகிறது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்துக்கொள்ளும் பிள்ளைகள் பலர், பாதிச் சத்தத்தில் வாழ்ந்துகொண்டு 'அடம்பிடிக்கிற பிள்ளை' என்று பெயர் வாங்கியிருப்பார்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் வீட்டில் பேசும் மொழிகள் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். ஒரு மொழியை நிறுத்துவது இந்தக் கோளாறு எதற்கும் மருந்தல்ல.

இனி, மொழி எப்படி வருகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். குழந்தை பிறக்கும்போதே காதில் தாயின் குரலை வைத்துக்கொண்டுதான் பிறக்கிறது. 1980-ல் அந்தோணி டிகாஸ்பரும் வில்லியம் ஃபைஃபரும், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்கள் வேறொரு பெண்ணின் குரலைவிடத் தாயின் குரலைக் கேட்பதற்காக, வாயில் வைத்த ரப்பர் காம்பைச் சப்பும் வேகத்தை மாற்றிக்கொள்கின்றன என்று காட்டினார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கேட்ட ஏற்ற இறக்கம் மனத்தில் தங்கிவிடுகிறது.

அதற்கு அடுத்தது நமக்கு மிகவும் வேண்டிய செய்தி. பிறந்த சில மாதங்களில் குழந்தை உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகள் பெரும்பாலானவற்றைப் பிரித்துக் கேட்கும். 1984-ல் கனடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் இரண்டு ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஒன்று நாக்கை வளைத்துச் சொல்வது, மற்றது பல்லில் தட்டிச் சொல்வது. நம் 'பட்டு', 'பத்து' இரண்டுக்கும் நடுவில் உள்ள வேறுபாடு அதுதான். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலோர் பிரித்துக் கேட்டார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் மிகவும் குறைந்துபோனது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளிடம் அது அப்படியே இருந்தது. பர்மியத்தில் அந்த வளைநாக்கு ஒலி கிடையாது. அதற்குப் பதிலாக, தமிழில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: ஒரே அசையை வேறு சுருதியில் சொன்னால் பொருளே மாறிவிடும். பர்மியம் மட்டும் கேட்கும் குழந்தையின் காது அந்தச் சுருதிக்குக் கூர்மையாகும், 'ட'வுக்கும் 'த'வுக்கும் மழுங்கும். இரண்டு மொழியிலும் யாராவது தூக்கிவைத்துக் கொஞ்சினால் இரண்டுமே தங்கும். மூன்று வயதில் உங்களிடம் வரும் பிள்ளைக்கு இனி அந்த ஒலி வராது என்று இதற்குப் பொருளில்லை. பிற்பாடும் கற்கலாம், உழைப்புத்தான் கூடுதல். கைக்குழந்தை உள்ள வீட்டில் பாட்டி தமிழில் பேசிக்கொண்டிருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. நம் தமிழில் புணர்ச்சி வேறு சேர்ந்துகொள்ளும். அப்படியிருக்க, குழந்தை எங்கே வெட்டிச் சொல்லை எடுக்கிறது? 1996-ல் ஜென்னி சாஃப்ரனும் சகாக்களும், எட்டு மாதக் குழந்தைகளுக்குப் பொருளில்லாத அசைகளை இடைவெளியே இல்லாமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எது அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே குழந்தைகள் 'சொற்களை'ப் பிரித்துவிட்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காத கணக்கு அது. ஒரே பாட்டை, ஒரே கொஞ்சலை, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வது பயனுள்ள வேலை என்று தெரிந்துகொள்ள இதைவிடச் சான்று வேண்டாம்.

"வீட்டில் நாள் முழுக்கத் தமிழ் சீரியல் ஓடுகிறது, அது போதாதா?" என்று உங்களிடமும் கேட்பார்கள். போதாது. 2003-ல் பட்ரீஷியா குல் சியாட்டிலில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி கேட்கவைத்தார். சீன மொழி பேசும் ஒருவர் நேரில் உட்கார்ந்து, 12 அமர்வுகள், புத்தகமும் பொம்மையுமாகப் பேசினார். குழந்தைகள் அந்த ஒலிகளைத் தைவான் குழந்தைகளைப் போலவே பிரித்துக் கேட்கத் தொடங்கினார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவிலும் ஒலிப்பதிவிலும் கேட்ட குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. தன் கண்ணைப் பார்க்கிற, தான் சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கிற ஒரு மனிதர் வேண்டும். பெட்டிக்கு அது முடியாது.

நம் பாட்டிமார் இதை ஆராய்ச்சி படிக்காமலே செய்தார்கள். குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்பு கடைந்து, விரல் விரலாகப் பிடித்து அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அண்ணனுக்கு என்று சோறு பகிர்ந்து, பிறகு கை நெடுக நண்டும் நரியும் ஊர்ந்துபோய்க் கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு உண்டல்லவா? அதில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். குழந்தையின் கண் உங்கள் முகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சொற்கள் அதே வரிசையில் வருகின்றன. ஒவ்வொரு சொல்லும் தோலில் ஒரு இடத்தைத் தொடுகிறது. கிச்சுக்கிச்சு வரப்போகிறது என்று பத்து மாதக் குழந்தை முன்கூட்டியே சிரிக்கத் தொடங்குகிறது. அடுத்தது என்ன என்று எதிர்பார்க்கக் கற்றுவிட்டது என்று அதற்குப் பொருள். நீங்கள் நடுவில் நிறுத்திப் பாருங்கள், கையை நீட்டி 'இன்னும்' என்று கேட்கும். சொல் வருவதற்கு முன்பே உரையாடல் வந்துவிட்டது. உங்கள் வகுப்பின் மூன்று வயதுக்காரர்களுக்கு இந்த விளையாட்டு இப்போதும் பிடிக்கும்.

எட்டு மாதம் வாக்கில் 'பாபா, தாதா' என்று அடுக்கும் மழலை, ஒரு வயதை ஒட்டி முதல் சொல், இரண்டு வயதுக்குள் இரண்டு சொல் சேர்க்கை என்று படி இருக்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை மாதக்கணக்கில் முன்பின் ஆகும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை விடச் சொல்லுங்கள்.

பிழைகளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஆசிரியர் கெடுப்பதும் காப்பதும் அங்கேதான். 'வா' என்பதிலிருந்து 'வாந்தேன்' என்று சொல்கிறது ஒரு பிள்ளை. யாரும் அதற்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். வேர்ச்சொல்லோடு இறந்தகாலத்தையும் 'நான்' என்பதற்கான விகுதியையும் ஒட்டவேண்டும் என்ற விதியைத் தானே கண்டுபிடித்து, விதிவிலக்கான இடத்திலும் போட்டுவிட்டது. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கிளிக்கு இந்தப் பிழை வராது. ஆகவே 'வாந்தேன்' கேட்டால் மகிழுங்கள். "ஓ, நீ வந்தாயா? யாரோடு வந்தாய்?" என்று சரியான வடிவத்தைப் பேச்சோடு பேச்சாகத் திருப்பிக் கொடுங்கள். "தப்பு, 'வந்தேன்' என்று சொல்" என்று நிறுத்தினால் பிள்ளை சொல்ல வந்த செய்தி அங்கேயே செத்துப்போகும்.

பர்மியம் ஓங்கி நிற்கும் நம் பிள்ளைகளிடம் வேறு சில பிழைகளும் வரும். காரணம் தெரிந்தால் உங்களுக்குக் கோபம் வராது. 'அப்பா போனது, அக்கா வந்தது' என்பார்கள். பர்மியத்தில் வினைச்சொல் ஆளுக்குத் தகுந்தபடி மாறுவதே இல்லை. நான், நீ, அவன், அது எல்லாவற்றுக்கும் ஒரே முடிவு. எனவே தமிழிலும் ஒன்றைப் பொதுவாகப் பிடித்துக்கொள்கிறார்கள். (சில ஊர்த் தமிழில் அம்மாவுக்கே 'வந்தது' சொல்வது வழக்கம்தான். அந்த வீட்டுப் பிள்ளையைத் திருத்தப்போகாதீர்கள்.) எண்ணும்போது 'மீன் மூன்று கௌங்' என்று ஒரு பிள்ளை சொல்லலாம். ஆளுக்கு 'யௌக்', விலங்குக்கு 'கௌங்', உருண்டைக்கு 'லோன்' என்று எண்ணோடு ஒரு சொல்லைச் சேர்ப்பது பர்மிய வழக்கு. தமிழில் ஆட்களுக்கு மட்டும் 'மூன்று பேர்' என்கிறோம், மீனுக்கு ஒன்றும் சேர்ப்பதில்லை. கடைசி மெய்யை விழுங்கி 'பால்' என்பதைப் 'பா' என்று நிறுத்துவதும் உண்டு. பர்மியத்தில் சொல்லின் இறுதியில் 'ல்', 'ர்', 'ள்' நிற்பதில்லை. இவை எல்லாம் கேட்கக் கேட்கச் சரியாகிவிடும். 'ழ' வராவிட்டால் அதற்காகவும் பதற வேண்டாம், தமிழ்நாட்டிலேயே அது கடைசியாக வரும் ஒலிகளில் ஒன்று.

இரண்டு மொழிக்கும் பெரிய ஒற்றுமையும் இருக்கிறது. தமிழைப் போலவே பர்மியத்திலும் வினை கடைசியில் வரும். நாம் வேற்றுமை உருபைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதுபோல அங்கும் பின்னால்தான் சேர்ப்பார்கள். பர்மியத்தில் தடையில்லாமல் பேசும் பிள்ளைக்கு வாக்கியத்தை அடுக்கும் முறை பாதிக்குமேல் கைவசம் இருக்கிறது. அந்தப் பர்மியத்தை எதிரியாக நினைத்து வாசலில் நிறுத்துவானேன்?

கமிட்டிப் பெரியவரின் ஆசை எனக்குப் புரிகிறது. 1960-களில் தனியார் பள்ளிகள் அரசுடைமையானபோது நம் பள்ளிகளும் போயின. நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்கள் கோயிலில் வைத்துத் தமிழைக் காப்பாற்றினார்கள். அரசுப் பள்ளிப் பாடத்தில் நம் மொழிக்கு இடமில்லாத நாட்டில், கோயில் மண்டபத்திலாவது தமிழ் மட்டும் ஒலிக்கட்டும் என்று அவர் நினைப்பதில் தவறே இல்லை. ஆனால் நான்கு வயதுப் பிள்ளையின் வாயை அடைத்தால் தமிழ் வராது, மௌனம்தான் வரும். விதியைப் பிள்ளைக்குப் போடாதீர்கள், உங்களுக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். பிள்ளை எந்த மொழியில் பேசினாலும் காதுகொடுங்கள், பதிலைத் தமிழில் கொடுங்கள். அழுகிற பிள்ளைக்கும் அடிபட்ட பிள்ளைக்கும் மட்டும் நீங்களும் பர்மியம் பேசலாம்.

ஒரு பையனைச் சொல்கிறேன். நான்கு வயது. வகுப்பில் சேர்ந்து பல வாரம் ஆகியும் ஒரு சொல் தமிழ் பேசவில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வெள்ளிக்கிழமை, மட்டை உரித்த தேங்காய் ஒன்றைப் பிள்ளைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு நான் சும்மா இருந்தேன். ஒருத்தி உருட்டினாள். ஒருவன் குடுமியைப் பிய்த்தான். இவன் அதைத் தூக்கிக் காதோடு வைத்து ஆட்டினான். முகம் மலர்ந்து "யே!" என்றான். பர்மியத்தில் தண்ணீர். "ஆமாம், தண்ணீர்! உள்ளே தண்ணீர் ஆடுகிறது" என்றேன். அதற்குமேல் பேசாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மறுபடி ஆட்டினான், மறுபடி என்னைப் பார்த்தான். பக்கத்துப் பிள்ளை தேங்காயைப் பிடுங்க வந்தபோது மார்போடு அணைத்துக்கொண்டு "என் தண்ணீர்!" என்றான். அன்று உடைத்து ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தபோது 'இனிப்பு', 'இன்னும்', 'எனக்கு' எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன.

புதிய மொழிக்குள் நுழையும் சின்னப் பிள்ளைகள் சில வாரமோ சில மாதமோ வாய்திறக்காமல் இருப்பது வழக்கமான விஷயம். அந்த நேரத்தில் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. "சொல், சொல்" என்று நெருக்கினால் அது நீளும். பிள்ளைக்குப் பேச ஒரு காரணம் வேண்டும், பிறகு பேச நேரம் வேண்டும். நேரத்தைப் பற்றி மேரி பட் ரோ 1970-களில் அமெரிக்க வகுப்பறைகளில் கவனித்துச் சொன்னது எனக்கு இன்றும் உதவுகிறது. ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார். அதையே மூன்று விநாடி ஆக்கினால் பதில்கள் நீளுகின்றன, வாய்திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இரண்டு மொழிக்கு நடுவில் சொல் தேடும் பிள்ளைக்கு ஐந்து விநாடிகூடக் கொடுங்கள். மனத்துக்குள் எண்ணிக்கொள்ளுங்கள், முதலில் அது மிக நீளமாகத் தோன்றும்.

1995-ல் பெட்டி ஹார்ட்டும் டாட் ரிஸ்லியும், வசதியுள்ள வீட்டுக் குழந்தை நான்கு வயதுக்குள் ஏழை வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடிச் சொல் அதிகமாகக் கேட்கிறது என்று எழுதினார்கள். வெறும் 42 குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்கு அது. பிறகு வந்தவர்கள் அதை வலுவாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்கவேண்டாம். 2018-ல் ரேச்சல் ரோமியோ நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தபோது, மூளையின் மொழிப் பகுதி வேலைசெய்வதோடு நெருங்கிப் பொருந்தியது பெரியவரும் பிள்ளையும் மாறி மாறிப் பேசிய தடவைகளின் எண்ணிக்கைதான், கேட்ட மொத்தச் சொல் அல்ல. குடும்பத்தின் வருமானத்தைக் கழித்துப் பார்த்தாலும் அது நின்றது. மீன் வெட்டிக்கொண்டே பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லும் தாய் பணக்காரியாக இருக்கவேண்டியதில்லை. இதைப் பெற்றோர் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள்.

கதைப்புத்தகத்தையும் இதே முறையில் பயன்படுத்துங்கள். நீங்கள் வாசிக்க அவர்கள் கைகட்டிக் கேட்பது பாதிப் பயன்தான். 1988-ல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் காட்டிய வழி எளிது: படத்தைக் காட்டி 'இது என்ன, என்ன செய்கிறது, ஏன்' என்று கேட்பது, பிள்ளை சொன்னதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்வது, மெல்ல மெல்லப் பிள்ளையையே கதைசொல்லியாக்குவது. ஒரே மாதம் பெற்றோர் இப்படி வாசித்ததிலேயே இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளின் பேச்சு முன்னேறியது. பிள்ளை "நாய் ஓடு" என்றால் "ஆமாம், கறுப்பு நாய் ஓடுகிறது. எதைப் பார்த்து ஓடுகிறது?" என்று கேளுங்கள். தமிழ்ப் படப்புத்தகம் நமக்கு எளிதில் கிடைப்பதில்லை. பர்மியப் படப்புத்தகத்தை எடுத்துத் தமிழில் சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. அதைவிட நல்லது, பிள்ளைகள் சொல்வதையே நீங்கள் எழுதி, அவர்கள் படம் வரைந்து, நூலால் தைத்த புத்தகம். தேங்காய்க் கதையை நாங்கள் அப்படித்தான் தைத்தோம். அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள்.

எந்தத் தமிழ் பேசுவது என்ற சந்தேகமும் உங்களுக்கு வரும். உங்கள் வீட்டில் பேசும் தமிழையே பேசுங்கள். மேடைத் தமிழில் மூன்று வயதுப் பிள்ளை சிரிப்பையும் கோபத்தையும் சொல்ல முடியாது. புத்தகத் தமிழைக் கதையின் வழியாகக் காதில் விழவிடுங்கள். பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்பது இவர்களுக்குப் புதிதும் அல்ல. பர்மியத்திலும் எழுதும்போது வாக்கிய முடிவுச் சொற்களே வேறு. கேஜியில் அதை அவர்கள் எப்படியும் சந்திக்கப்போகிறார்கள்.

கடைசியாக அரிச்சுவடி. விஜயதசமியில் அரிசியில் எழுதவைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, அது நல்ல சடங்கு, பிள்ளைக்கும் பெருமை. மறுநாளே சிலேட்டைக் கொடுத்து உட்காரவைப்பதுதான் வேண்டாம். ஐந்து வயதுக்கு முன்னால் மணலில் கோடு, மாவில் கோலம், களிமண் உருண்டை ஆகியவை விரலுக்குப் போதும். பேச்சு முதலில் என்று நான் வற்புறுத்துவதற்குத் தமிழ் எழுத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 'பக்கம்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் ஒரே 'க'தான். மூன்று இடத்திலும் ஒலி வேறு. பர்மிய எழுத்தில் இந்த வரிசைக்கு ஐந்து எழுத்து உண்டு, அதைப் படித்த பிள்ளை "இது எந்த க, சயாமா (டீச்சர்)?" என்று கேட்கும். சொல்லை முன்பே வாயில் வைத்திருக்கும் பிள்ளை மூன்றையும் தானாகச் சரியாக வாசித்துவிடும். சொல் தெரியாத பிள்ளை ஒவ்வொரு எழுத்திலும் தடுக்கி விழும். நம் நெடுங்கணக்கு, தமிழ் பேசத் தெரிந்தவருக்காக அமைந்தது.

பர்மிய எழுத்து உதவும் இடமும் இருக்கிறது. கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கும், ஒலி பின்னால் வரும் என்பது தமிழ்நாட்டுப் பிள்ளையைக்கூடத் திணறவைக்கும் விஷயம். பர்மியத்திலும் இடப்பக்கம் எழுதிப் பின்னால் ஒலிக்கும் உயிர்க்குறி ஒன்று இருக்கிறது. நம் 'கொ' போல எழுத்தை இரண்டு பக்கமும் அணைக்கும் குறியும் இருக்கிறது. இரண்டு எழுத்துமே பிராமியில் பிறந்தவை. கேஜி முடித்த பிள்ளைக்கு அந்தப் பர்மிய எழுத்தைப் பலகையில் எழுதிப் பக்கத்தில் 'கெ', 'கொ' எழுதிக் காட்டுங்கள். ஒரு நாளில் புரிந்துகொள்ளும். அகர வரிசையில் தொடங்காமல் 'ட', 'ப', 'ம' என்று நேர்கோட்டில் எழுதத் தொடங்கும் எழுத்துகளை முதலில் எடுங்கள். 'படம்', 'மடம்', 'பட்டம்' என்று உடனே சொல்லாகும், சொல்லானதும் பேசலாம். அதோடு ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுப் பெயரையும் அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். பள்ளியில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர் என்று வாழும் பிள்ளைகள், தங்கள் தமிழ்ப் பெயரை எழுத்தில் பார்க்கும் இடம் அநேகமாக உங்கள் மண்டபம் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளைகள் வீட்டுக்கு வரும்போது பர்மியத்தையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். அண்ணன் அக்காமார் தம்பி தங்கையிடம் பர்மியத்தில் பேசத் தொடங்கினால் வீட்டுத் தமிழ் அங்கேதான் தேயும். எனவே வகுப்பை விடுமுறையோடு மூடிவிடாமல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிநேரமாவது வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், மாணவர்களாக வேண்டாம், சின்னவர்களுக்குக் கதை சொல்ல. தமிழ் பேசும் பாட்டி தாத்தா இரண்டு மூன்று பேரை மண்டபத்தில் உட்காரவைத்து, பூ தொடுக்கவும் வெற்றிலை மடிக்கவும் பிள்ளைகளைப் பக்கத்தில் விடுங்கள். அவர்களுக்குப் பாடத்திட்டம் கொடுக்க வேண்டாம். பிள்ளை கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.